உங்களுக்குத் தெரியுமா? சங்கு, சிப்பி, நண்டு: பெயரும் இலக்கணமும்

கடலில் ஓட்டோடு வாழும் உயிர்களில் உணவுக்கு ஆகும் அத்தனையையும் ஆங்கிலம் 'ஷெல்ஃபிஷ்' என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறது. தமிழில் அப்படி ஒரு பொதுப்பெயர் வழக்கில் ஊன்றவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், சிலவற்றுக்கு ஐந்தாறு பெயர். அந்தப் பெயர்களையும் அவற்றின் இலக்கணத்தையும் இந்த முறை புரட்டிப் பார்ப்போம்.

மீன் இல்லாத 'மீன்'

ஷெல்ஃபிஷ் மீனே அல்ல. அதற்கு முதுகெலும்பும் கிடையாது, செதிலும் கிடையாது. நீரில் வாழ்வதை எல்லாம் 'ஃபிஷ்' என்று அழைத்த பழைய ஆங்கில வழக்கின் மிச்சம் இந்தப் பெயர். ஸ்டார்ஃபிஷ், ஜெல்லிஃபிஷ், கட்டில்ஃபிஷ் எல்லாம் அப்படி வந்தவையே. நம் கடற்கரையில் ஜெல்லிஃபிஷ்ஷைச் 'சொறி' என்பார்கள், கட்டில்ஃபிஷ்ஷைக் 'கணவாய்' என்பார்கள். இரண்டிலும் மீன் இல்லை.

ஒன்றா, பலவா?

ஆங்கிலத்தில் ஷெல்ஃபிஷ் ஒன்றானாலும் நூறானாலும் வடிவம் மாறாது. உணவாகப் பேசும்போது அரிசி, சர்க்கரை போல எண்ண முடியாத பெயராகவும் வரும். வெவ்வேறு இனங்களைப் பிரித்துச் சொல்லும்போது மட்டும் சிலர் 'ஷெல்ஃபிஷஸ்' என்று எழுதுவார்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு இது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்கு.

அங்கே விதிவிலக்கு, இங்கே விதி

தமிழில் இதே பண்பு அஃறிணைப் பெயர்கள் பலவற்றுக்கும் உண்டு. 'சிப்பி கிடந்தது' என்றால் ஒன்று. 'சிப்பி கிடந்தன' என்றால் பல. பெயர் மாறவில்லை, வினைமுற்றுதான் எண்ணிக்கையைச் சொல்கிறது. இத்தகைய பெயர்களை நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்கிறது. 'பத்து நண்டு கொடுங்கள்' என்று சந்தையில் கேட்பது கொச்சை அல்ல, இலக்கணம் ஒப்பிய வழக்கு.

பட்டியலில் யார் யார்?

ஷெல்ஃபிஷ் என்ற குடையின் கீழ் இரண்டு பெரும் கூட்டங்கள் உண்டு. நண்டு, இறால், சிங்கி இறால் ஆகியவை கணுக்காலிகள். சிப்பி, மட்டி, ஆளி, சங்கு ஆகியவை மெல்லுடலிகள். உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பிரிவு முக்கியம். இந்த இரண்டில், அமெரிக்காவின் 2004 ஆம் ஆண்டு ஒவ்வாமைச் சட்டம் பொட்டலத்தில் கட்டாயம் அச்சிடச் சொல்வது கணுக்காலி வகையை மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்களில் இரண்டு கூட்டமும் தனித்தனியே இடம்பெறுகின்றன.

இரண்டறிவும் நான்கறிவும்

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியம், 'நந்து' என்னும் நத்தை, சங்கு இனத்தை ஈரறிவு உயிர்களில் வைத்தது. தொடுவதும் சுவைப்பதும் மட்டுமே அவற்றுக்கு உண்டு என்பது அதன் கணக்கு. நண்டுக்கு நான்கறிவு, செவியறிவு மட்டும் இல்லை. இன்றைய விலங்கியல் நத்தைக்குக் கண்ணும் மணம் அறியும் திறனும் உண்டு என்று சொல்லும். ஆனாலும் ஓடுள்ள உயிர்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாமல், நந்தையும் நண்டையும் பிரித்து வைத்த கூர்மை கவனிக்கத்தக்கது.

சங்கிலும் 'நாகு'

ஆண் விலங்குக்கும் பெண் விலங்குக்கும் என்னென்ன பெயர் வழங்கலாம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் வரையறுக்கிறது. எருமை, மரை, மாடு ஆகியவற்றின் பெண்ணுக்கு 'நாகு' என்று பெயர். நீர்வாழ் உயிர்களில் அந்தப் பெயரைப் பெறும் உரிமை நந்துக்கு உண்டு. சுறாவின் ஆணை 'ஏறு' எனலாம். காளையும் சுறாவும் ஏறு, பசுவும் சங்கும் நாகு!

'அன்' விகுதி இருந்தும் ஆண்பால் இல்லை

நண்டுக்குப் பழந்தமிழில் ஞெண்டு, அலவன், கள்வன் என்ற பெயர்கள் உண்டு. ஐங்குறுநூற்றில் 'கள்வன் பத்து' என்றே ஒரு பகுதி இருக்கிறது. திருடனைப் பற்றியது என்று நினைத்துப் புரட்டினால் வயல் நண்டுதான் கண்ணில் படும். கள்வன், அலவன் இரண்டும் 'அன்' என்று முடிந்தாலும் உயர்திணை ஆகமாட்டா. 'அலவன் ஓடினான்' என்பது பிழை. 'அலவன் ஓடியது' என்பதே சரி. திணையைத் தீர்மானிப்பது பொருள், ஈற்றெழுத்து அல்ல.

'க்' வருமா, வராதா?

'முத்துக்குளித்தல்' என்பதில் க் உண்டு. 'சங்கு குளித்தல்' என்பதில் இல்லை. ஏன்? 'முத்து' வன்தொடர்க் குற்றியலுகரம். அதன் பின் வல்லினம் வந்தால் மிகும். 'சங்கு' மென்தொடர்க் குற்றியலுகரம். இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் இடத்தில் அதன் பின் வல்லினம் மிகாது. ஆனால் 'சங்குப்பூ'வில் ப் மிகும், ஏனென்றால் சங்கு போன்ற பூ என்று விரியும் உவமைத்தொகை அது. 'நண்டுக்கால்' ஆறாம் வேற்றுமைத்தொகை, அங்கும் மிகும். தீபாவளிக்குச் சுற்றிவிடும் 'சங்கு சக்கரம்' உம்மைத்தொகை. சங்கும் சக்கரமும் என்று விரிவதால் ச் மிகாது. பட்டாசுப் பெட்டியில் எப்படி அச்சிட்டிருக்கிறார்கள் என்று இந்த ஆண்டு பாருங்கள்.

உகரம் ஓடும், யகரம் வரும்

சங்கு + ஒலி = சங்கொலி. நண்டு + ஐ = நண்டை. குற்றியலுகரத்தின் பின் உயிரெழுத்து வந்தால் உகரம் இடத்தைக் காலி செய்துவிடும். சிப்பி, மட்டி, சோழி, ஆளி எல்லாம் இகரத்தில் முடிபவை. அவற்றோடு 'ஐ' சேரும்போது நடுவில் 'ய்' உடம்படுமெய்யாக வந்து நிற்கும்: சிப்பியை, மட்டியை, சோழியை.

நண்டு சாப்பிட்டீர்களா, ஓட்டையுமா?

'நேற்று நண்டு சாப்பிட்டேன்' என்று சொல்பவர் ஓட்டைக் கடித்து விழுங்குவதில்லை. உள்ளே இருக்கும் சதையைத்தான் சாப்பிடுகிறார். முழுப்பொருளின் பெயர் அதன் ஒரு பகுதியைக் குறித்து வந்தால் அது பொருளாகுபெயர். முதலாகுபெயர் என்றும் சொல்வார்கள். 'முல்லை சூடினாள்' என்பதற்குப் பள்ளியில் படித்த அதே இலக்கணம் உணவகத்து மேசையிலும் செல்லும். 'சங்கு ஊதினார்' என்பதில் நிலைமை தலைகீழ்: அங்கே ஓடு மட்டுமே இருக்கிறது, உயிர் இல்லை.

சங்க காலம், சங்குக் காலம் அல்ல

புலவர் கூடிய சங்கமும் ஊதும் வெண்சங்கமும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. வடமொழியில் அவை ககர வரிசையின் இரண்டு வேறு ஒலிகள் கொண்ட இரண்டு வேறு சொற்கள். தமிழுக்கு அந்த வரிசைக்கு 'க' ஒன்றே போதும் என்பதால் இரண்டும் ஒரே வடிவில் வந்து சேர்ந்தன. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

சங்கம் என்றால் எண்ணும்கூட

பழந்தமிழில் சங்கம் ஒரு பேரெண்ணின் பெயர். ஊழிக் காலங்களின் நீளத்தைச் சொல்ல வரும் பரிபாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்ற எண்களை அடுக்குகிறது. பூக்களுக்கு நடுவே இடம் பிடித்த ஒரே கடலுயிர் சங்குதான்.

வலம்புரி யாருக்கு வலம்?

மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. அபூர்வமாக ஒன்று வலம்புரியாக அமையும். ஆனால் உயிரியல் நூலில் அந்த வலம்புரிக்கு 'இடச்சுழி' என்று பெயர். முரண்பாடு ஏதும் இல்லை. அறிவியலாளர் கூரான உச்சியை மேலே வைத்து, வாய் தம்மைப் பார்க்கும்படி பிடிப்பார். வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுழி என்பார். பூசையறையில் சங்கை வைப்பது நேர் எதிர்த் திசையில். பிடிக்கும் திசை மாறியதால் பெயரும் மாறிவிட்டது.

போலி வலம்புரி

அமெரிக்கக் கடலில் ஒருவகைச் சங்கு இயல்பிலேயே இடச்சுழியாகத்தான் வளரும். அங்கே அது சாதாரணம். அதை வாங்கிவந்து இங்கே வலம்புரி என்று பெருவிலைக்கு விற்பவர்கள் உண்டு. அடையாளம் எளிது. உண்மையான நம் சங்கின் வாய்க்குள், நடுத்தண்டின் மேல் மூன்று நான்கு வரப்புகள் மடிப்பு மடிப்பாக ஓடும். விரலை விட்டுத் தடவினாலே தட்டுப்படும். போலியில் அந்த இடம் வழவழவென்று இருக்கும்.

ஆயிரத்துக்கு ஒன்று

ஆயிரம் இப்பி சூழ ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலம் சூழ ஒரு பாஞ்சசன்னியம் என்பது பழைய நூல்கள் சொல்லும் தரவரிசை. இப்பி என்பது சிப்பியின் இலக்கிய வடிவம். இந்தக் கணக்குப்படி ஒரு பாஞ்சசன்னியத்துக்கு எத்தனை இப்பி என்று பிள்ளைகளைப் பெருக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்குப் பின் 12 சுழி போட வேண்டியிருக்கும்.

வளையல் வந்த வழி

'வளை' என்றால் சங்கு. 'வளை' என்றால் கையில் அணிவதும்தான். சங்கை அரத்தால் அறுத்து வளையல் செய்த காட்சி அகநானூற்றில் இருக்கிறது. இன்றும் வங்காளத்தில் மணமான இந்துப் பெண்கள் 'சாங்கா' என்னும் வெள்ளைச் சங்கு வளையல் அணிகிறார்கள். அதற்கான சங்கு நெடுங்காலமாகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து போனது.

சங்கின் வேறு வேலைகள்

பஞ்சாலை ஊர்களில் நேரம் அறிவிக்கும் சைரனுக்குச் 'சங்கு' என்று பெயர். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையும் சங்குதான். குரல்வளையும் சங்குதான், கோபத்தில் 'சங்கைக் கடித்துவிடுவேன்' என்பவர் அதைத்தான் சொல்கிறார். பேச்சு எடுபடாவிட்டால் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒரு காரியம் ஒழிந்தால் 'சங்கு ஊதியாச்சு'. குழந்தையின் முதல் பாலுக்கும் கடைசி ஊர்வலத்துக்கும் ஒரே சொல்.

ஊருக்கு ஊர் சிப்பி

தூத்துக்குடியில் சிப்பி என்றதும் முத்துச்சிப்பி நினைவுக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் சிப்பி என்றால் பாறையில் ஒட்டி வளரும், வறுவலுக்கும் தோரனுக்கும் ஆகும் பழுப்பு ஓட்டு உயிர். கேரளத்தின் வடக்கே போனால் அதன் இனத்துக்கே 'கல்லுமக்காய்' என்று பெயர். பெயரை மட்டும் நம்பி வாங்காமல் கூடையை எட்டிப் பார்ப்பது நல்லது.

ஆளியும் ஆழியும்

ஆழி என்றால் கடல். ஆளி என்றால் அந்தக் கடலின் கழிமுகங்களில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும், உண்ணத்தக்க சிப்பி. கோயில் தூணில் நிற்கும் யாளிக்கும் ஆளி என்று பெயருண்டு. மளிகைக் கடையின் ஆளிவிதை இன்னொன்று; அது செடியில் விளைவது. எழுத்து ஒன்று மாறினால் ஆழியை உண்டவர் ஆகிவிடுவோம். அது அகத்தியருக்கு மட்டுமே முடிந்த காரியம்.

மட்டி மூன்று

உப்பங்கழி மணலில் கையால் துழாவி எடுக்கும் சிறு சிப்பி மட்டி. ஈழத்திலும் இதே பெயர்தான். அறிவு மட்டானவனைத் திட்டும் சொல்லும் மட்டி. நாகர்கோவில் பக்கத்துக் குட்டி வாழைப்பழமும் மட்டி. மூன்றாவது மட்டிக்கு, கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் என்ற பெயரில் 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

முத்து எதில் இருக்கும்?

உண்ணும் ஆளிக்குள் நகைக்கு ஆகும் முத்துக் கிடைக்காது. முத்துச்சிப்பி வேறு குடும்பம். அதன் ஓட்டின் உட்புறம் மின்னும் பூச்சே முத்தாகவும் திரள்கிறது. மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்பது அழகான நம்பிக்கை. உண்மையில் உள்ளே புகுந்த வேண்டாத பொருளைச் சுற்றிச் சிப்பி அடுக்கடுக்காகப் பூசும் பூச்சு அது. இந்தியாவில் சிப்பியை வளர்த்து முத்து விளைவிக்கும் முயற்சி 1973 இல் தூத்துக்குடியில் வெற்றி கண்டது.

திறக்காமலே ஏலம்

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சிப்பியை உடைத்துப் பார்த்து விற்றதில்லை. மூடிய சிப்பியை ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். வாங்கியவர் அதை அழுகவிட்டு, கழுவி, சல்லடையிட்டுத் தேடுவார். சிலருக்கு முத்து, பலருக்கு நாற்றம் மட்டும். தூத்துக்குடிக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961 இல்.

சோழியா, சோலியா?

'அவன் சோலியை முடித்துவிட்டார்கள்' என்பதைச் சிலர் 'சோழி' என்று எழுதுகிறார்கள். சோலி என்றால் வேலை, காரியம். சோழி என்பது பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் பயன்படும் கடல் ஓடு. 'உனக்கு வேறு சோலி இல்லையா?' என்று அதட்டும்போது யாரும் கடலைத் தேடிப் போவதில்லை.

பளபளக்கும் பலகறை

சோழிக்குத் தமிழில் 'பலகறை' என்ற பெயரும் உண்டு. சித்த மருத்துவம் அந்தப் பெயரில்தான் அதை அறியும். மாலத்தீவிலிருந்து வங்காளத்துக்குக் கப்பல் கப்பலாகப் போய்க் காசாகப் புழங்கியது இதுவே. மெருகு ஏற்றியது போன்ற அதன் பளபளப்புக்குக் காரணம், உயிரோடு இருக்கையில் சோழி தன் சதை மடிப்பால் ஓட்டை வெளியிலிருந்தும் போர்த்திக்கொள்வது.

இறாலுக்கு வல்லின 'ற'

உணவகப் பட்டியல்களில் 'இரால்', 'எரா', 'இராள்' என்று பல கோலத்தில் வரும். சரியான வடிவம் இறால். சங்க இலக்கியத்தில் இறவு, இறா என்று வரும். சென்னையின் 'எறா' அந்த இறாவிலிருந்து அதிகம் விலகவில்லை. இலக்கியத்தில் இறால் தேன்கூட்டையும் குறிக்கும் என்பதால், பழைய பாட்டில் மலை உச்சியில் இறால் தொங்கினால் திகைக்க வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை

மீனை ஆய்வார்கள், இறாலை உரிப்பார்கள், நண்டை உடைப்பார்கள், மட்டியைப் பொறுக்குவார்கள், முத்துக்கும் சங்குக்கும் குளிப்பார்கள், சங்கை ஊதுவார்கள். 'இறாலை உடைத்தேன்' என்று சொன்னால் சமையல் தெரியாதவர் என்று உடனே தெரிந்துவிடும். சிறுபிள்ளைக் கூட்டத்தைச் சொல்ல நண்டு போதாது, 'நண்டும் சிண்டும்' என்று இணைமொழி வேண்டும்.

சுட்டால் வெளுக்கும்

கரையில் ஒதுங்கும் வெற்றுச் சிப்பி ஓட்டுக்குக் கிளிஞ்சல் என்று பெயர். காளவாயில் அடுக்கி ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் தெளித்தால் கொதித்து, பொரிந்து, வெண்தூளாகும். வெற்றிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் அதுதான். மூதுரையில் ஔவையார் மேன்மக்களுக்கு உவமை தேடியபோது கையில் எடுத்ததும் சுடப்படும் சங்கையே.

கடல்நுரை நுரை அல்ல

நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' கேட்டால் வெள்ளையாக, இலேசாக, நகத்தால் சுரண்டினால் உதிரும் ஒரு கட்டி தருவார்கள். அது கணவாயின் உள்ளோடு. வெளியே ஓடு இல்லாத கணவாயும் மெல்லுடலிதான். ஓட்டை உள்ளே வைத்திருக்கிறது, அவ்வளவே. கூண்டுக் கிளிகளுக்கு அலகு தீட்ட வைப்பதும் இதையே.

கேன்சர் என்றால் நண்டு

இலத்தீனில் 'கேன்சர்' என்றால் நண்டு. கட்டியைச் சுற்றிப் பரவிய நாளங்கள் பழைய கிரேக்க மருத்துவர்களுக்கு நண்டின் கால்களாகத் தெரிந்தன. வானத்துக் கடக ராசிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். தமிழ் மருத்துவத்துக்குத் தோன்றிய உருவம் வேறு: புற்று. ஆகவே இங்கே அது புற்றுநோய்.

காதில் கேட்பது கடல் இல்லை

சங்கைக் காதில் வைத்தால் கேட்கும் இரைச்சல் அலை அல்ல, நம் இரத்த ஓட்டமும் அல்ல. சுற்றுப்புறச் சத்தத்தில் சில அலைவரிசைகளைச் சங்கின் உள்வளைவு பெருக்கித் தருகிறது. சத்தமே புகாத அறையில் வைத்துக் கேட்டால் சங்கு வாய் திறக்காது.

இவ்வளவு பெயர்களும் அகராதியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் குறைந்துவருகின்றன. யானைமுள்ளி, ஐவிரல் சங்கு என்று ஓட்டின் உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் சங்கு குளிப்பவர்கள் இன்னும் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். அடுத்த முறை மீன் சந்தைக்குப் போனால் 'ஷெல்ஃபிஷ் இருக்கா?' என்று கேட்காதீர்கள். கூடையைக் காட்டி 'இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருக்கா?' என்று கேளுங்கள். சொல்லும் பெயரை ஊர்ப்பெயரோடு குறித்து வையுங்கள்.